பெயரில்லா மரமும் வெள்ளகவிப் பாதையும்

நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமெனச் செயலாளர் கேட்டபோது, குறிஞ்சித்திணை பற்றி எழுதித் தருவதாக உடனே ஒப்புக்கொண்டேன். அது எனக்குப் பழகிய துறை. குறிஞ்சிநில மரங்களைப் பற்றித்தான் முனைவர்ப் பட்ட ஆய்வும் செய்தேன். எழுத அமர்ந்தபோதோ பழைய நிகழ்ச்சியொன்று குறுக்கே வந்து நின்றது. என் வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளராக வந்திருந்த முதியவர், ஆய்வேட்டைப் புரட்டிக்கொண்டே, "இத்தனை மரங்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே அம்மா, இவற்றுள் எத்தனை மரங்களைக் கண்ணால் கண்டிருக்கிறீர்கள்?" என்று வினவினார். அவையில் சிலர் நகைத்தனர். நான் வேங்கை, கடம்பு, கொன்றை என்று நான்கைந்து பெயர்களைச் சொல்லி நிறுத்திக்கொண்டேன். பட்டம் கிடைத்துவிட்டது. வினா மட்டும் விடை பெறாமல் உடன் வந்துகொண்டே இருக்கிறது.

அவ்வினாவின் தூண்டுதலால் நான் தேடிச் சென்று கண்ட ஒரு மரத்தின் வரலாறே இக்கட்டுரை. அம்மரம் பழனி மலைத்தொடரில் மட்டுமே வளர்வது. கொடைக்கானலை அடுத்த வட்டக்கானல் சோலையில் அது இனங்காணப்பட்டது. அச்சோலையிலிருந்து இறங்கும் ஒற்றையடிப் பாதை வெள்ளகவி என்னும் சிற்றூருக்குச் செல்கிறது. மரத்தின் கதையைச் சொல்ல வேண்டுமானால் அப்பாதையிலிருந்து தொடங்குவதே முறை.

வெள்ளகவி என்ற பெயரைக் கேட்டதும் நம் கவிஞர்கள் மகிழ்ந்துவிடக்கூடும். கவிக்கும் இவ்வூருக்கும் தொடர்பில்லை. மலைமக்கள் வழக்கில் ஆழ்ந்த பள்ளத்தையும் செங்குத்தான சரிவையும் 'கெவி' என்பர். வெள்ளகெவி என்றே அப்பகுதியினர் பலரும் ஊரைக் குறிக்கின்றனர். பெரியகுளத்தை அடுத்த கும்பக்கரை அருவியின் பக்கமிருந்து ஏறினாலும், வட்டக்கானலிலிருந்து டால்பின் மூக்கு என வழங்கும் பாறையைக் கடந்து இறங்கினாலும் இவ்வூரை அடையலாம். நெடுங்காலமாக நடைபாதை ஒன்றே இவ்வூருக்கு வழி. அரிசியும் உப்பும் தலைச்சுமையாகவோ குதிரை முதுகிலோதான் வந்தன. காப்பியும் வாழையும் ஆரஞ்சும் அவ்வாறே வெளியே சென்றன. ஊர் எல்லைக்குள் எவரும் காலணி அணிவதில்லை. வீட்டுக்கு வீடு நெருங்கிக் கோயில்கள் இருப்பதால், ஊர் முழுவதையும் கோயிலாகவே அவர்கள் கருதுகின்றனர். வருவோரும் எல்லையில் செருப்பைக் கழற்றிவிட்டே நுழைய வேண்டும்.

இவ்வூர் ஆங்கிலேயரின் ஏடுகளில் இடம்பெற்றது 1821ஆம் ஆண்டில். நில அளவையாளரான லெப்டினன்ட் பி.எஸ். வார்டு என்பவர் குன்னுவர் வாழ்ந்த வெள்ளகவியைத் தம் இருப்பிடமாகக் கொண்டு, அங்கிருந்து மேலேறி, இன்று கொடைக்கானல் எனப்படும் மேட்டு நிலத்தை அளந்தார். அந்நகரின் வரலாற்றை எழுதுவோர் எல்லாரும் இந்த ஏற்றத்தையே தொடக்கமாகக் கொள்கின்றனர். வார்டு 'கண்டுபிடித்தார்' என்று எழுதுவோரும் உண்டு. அவருக்கு வழிகாட்டியவர்கள் யார், அளவுச் சங்கிலியைச் சுமந்தவர்கள் யார் என்பதை அவ்வரலாறுகள் சொல்வதில்லை. மலைமேல் ஒழுங்கான ஊர்களும் பல்லாயிரம் மக்களும் இருந்ததை வார்டே பதிவு செய்திருக்கும்போது, கண்டுபிடிப்பு என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு விளங்கவில்லை.

வார்டுக்குப் பின் 1834இல் மதுரையின் துணை ஆட்சியர் ராட்டன் தேவதானப்பட்டிப் பக்கமிருந்து ஏறிச் செண்பகனூரில் சிறு மாளிகை கட்டினார். ஈராண்டு கழித்து, 1836இல், இராபர்ட் வைட் என்னும் தாவரவியலார் வந்தார். ஸ்காட்லாந்துக்காரர், கும்பினியின் மருத்துவர். பழனிமலைச் செடிகொடிகளைப் பற்றி அவர் எழுதிய குறிப்புகள் 1837இல் சென்னையிலிருந்து வெளிவந்த இலக்கிய, அறிவியல் இதழில் அச்சேறின. தென்னிந்தியத் தாவரங்களுக்கு ஈராயிரத்துக்கும் மேற்பட்ட படங்களுடன் அவர் வெளியிட்ட தொகுதிகள் இன்றும் ஆய்வாளருக்கு இன்றியமையாதவை. அப்படங்களை வரைந்தவர்கள் இரங்கையாவும் கோவிந்துவும். இவர்தம் வாழ்க்கையைப் பற்றி நமக்குக் கிடைப்பது மிகச் சிறிதே. ஆயினும் வைட் ஒரு நல்ல செயல் செய்தார்: ஆர்க்கிட் இனமொன்றுக்குக் 'கோவிந்தூயியா' என்று தம் ஓவியரின் பெயரையே சூட்டினார். வகைப்பாட்டியலின் விதிப்படி அப்பெயர் பின்னர் வழக்கிழந்தது. இருந்தாலும், அக்காலத்தில் ஒரு துரை தம்மிடம் ஊதியம் பெற்ற ஓவியருக்குச் செய்த மரியாதை அது. பெயர் சூட்டுதல் எவ்வளவு பெரிய காரியம் என்பதைப் பின்னால் காணவிருப்பதால் இங்கே இதைச் சொல்லி வைக்கிறேன்.

1845இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தோர் மலைமேல் இரு வீடுகளைக் கட்டினர். சமவெளிக் காய்ச்சலுக்கும் வெம்மைக்கும் தங்கள் குடும்பத்தினரை இழந்தவர்கள் அவர்கள். குளிர்ந்த இடம் அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. பிறகு வந்த வெள்ளையர் கூட்டம் பெருகியது. பெரியகுளத்துக்கு வடக்கே கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பிலிருந்து தொடங்கிய மலைப்பாதை 'கூலி காட்' என்றே பெயர் பெற்றது. துரைமாரும் துரைசானிகளும் நாற்காலியிலோ டோலியிலோ அமர, கூலியாட்கள் அவர்களைத் தோளில் சுமந்து ஏறினர். 1914இல் லாஸ் காட் சாலை பயன்பாட்டுக்கு வரும்வரை இதுவே நடைமுறை. பியானோ முதலாகப் பலகை ஈறாக எல்லாம் மனிதத் தோளில் ஏறிய நகரம் அது.

1863இல் மதுரை ஆட்சியராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் ஓடையொன்றைக் கரை கட்டித் தடுத்து ஏரியை உண்டாக்கினார். ஏறத்தாழ 60 ஏக்கர் பரப்புள்ள அந்த ஏரியைப் படகிலிருந்தும் கரையிலிருந்தும் நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம். ஏரிக்கு முன் அங்கே என்ன இருந்தது என்று எவரும் கேட்பதில்லை. அது ஒரு சதுப்பு நிலம். ஏரி அழகியது என்பதில் ஐயமில்லை. என் மாணவியர் அதன் கரையில் எடுத்த நிழற்படங்கள் என் வீட்டிலும் இருக்கின்றன. ஆனால் அதன் அடியில் மூழ்கியது என்ன என்பதைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஏனெனில் நம் மரத்தின் உறவினர் கூட்டத்தையும் அதன் பழமையையும் புரிந்துகொள்ள அந்தச் சேறே திறவுகோல்.

மலையுச்சியில் இரு முகடுகளுக்கு இடைப்பட்ட பள்ளத்தில் நீர் தேங்குகிறது. அங்கே வளரும் கோரையும் புல்லும் பாசியும் பட்டு விழுகின்றன. நீரினுள் காற்றுப் புகாததாலும் குளிராலும் அவை முழுவதும் மக்குவதில்லை. ஆண்டுக்கு ஓர் இழை கனத்தில் படிந்து படிந்து, கருநிறமான, பஞ்சுபோல் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் மண்ணாகின்றன. இதை நிலவியலார் 'பீட்' என்பர்; முற்றா நிலக்கரி என நம் பாடநூல்கள் மொழிபெயர்த்துள்ளன. மழைக்காலத்தில் குடித்த நீரைக் கோடையில் சொட்டுச் சொட்டாக விடுவதால்தான் வைகைப் படுகையின் ஓடைகள் பலவற்றில் பங்குனியிலும் நீர் கசிகிறது.

இப்படிப்பட்ட மண் உலகில் மிகுதியாகக் கிடக்கும் இடங்களுள் ஒன்று மலேசியத் தீபகற்பம், சுமத்திரா, போர்னியோ ஆகியவற்றின் கரையோரம். அங்கே அது பல மீட்டர் ஆழம். அதன்மேல் வானளாவிய மழைக்காடே நிற்கிறது. தேயிலை வடித்ததுபோன்ற கறுத்த நீரில் முட்டுவேர் ஊன்றி நிற்கும் மரங்கள். அக்காட்டை வடிகால் வெட்டி உலர்த்தினால் மண்ணே தீப்பற்றும். 1997லும் 2015லும் இந்தோனேசியாவில் எழுந்து சிங்கப்பூர் வரை வானை மூடிய புகை பெரிதும் இம்மண் எரிந்த புகைதான். அங்குள்ள நம் உறவினர் முகத்தில் துணி கட்டிக்கொண்டு எழுதிய மடல்களைப் படித்தோர் நம் வட்டத்திலும் இருப்பர். நம் மரம் சேர்ந்த எலியோகார்ப்பஸ் பேரினத்தின் மரங்கள் அந்தச் சதுப்பு மழைக்காடுகளிலும் வளர்கின்றன. பழனிமலையின் சதுப்போ சிறியது. அதன்மேல் மரம் நிற்பதில்லை, புல்லே நிற்கும். மரங்கள் சதுப்பின் விளிம்பில், ஓடை வழியும் மடிப்பில், சோலையாகக் கூடி நிற்கும். கடலுக்கு அப்பால் சதுப்பின் உள்ளே நிற்கும் குடும்பம், இங்கே அதன் கரையில் நிற்கிறது.

இச்சேற்றுக்கு இன்னொரு பண்பு உண்டு. அது மறப்பதில்லை. ஒவ்வோர் ஆண்டும் காற்றில் வந்து விழும் மகரந்தத் துகள்களை அது அழியாமல் அடுக்கி வைக்கிறது. குழாயை இறக்கி மண்ணை எடுத்து, அடுக்கடுக்காகப் பிரித்து, நுண்ணோக்கியின்கீழ் வைத்தால் எக்காலத்தில் எம்மரம் பூத்தது என்பதைப் படிக்கலாம். புல்லும் மரமும் காற்றிலிருந்து கரியை எடுக்கும் முறையும் வேறுபடுவதால், மண்ணில் எஞ்சிய கரியின் வகைகளை அளந்தும் அப்பள்ளத்தைச் சூழ்ந்திருந்தது காடா, புல்வெளியா என்று கூறிவிடலாம். உதகையை அடுத்த சாண்டிநல்லா சதுப்பில் இரா. சுகுமாரும் அவர்தம் குழுவினரும் செய்த இத்தகைய ஆய்வு 1993இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளின் மழையும் வறட்சியும் அம்மண்ணில் எழுதப்பட்டிருந்தன. உலகம் பனியால் உறைந்திருந்த காலத்தில் நம் மலைகள் வறண்டு புல் ஓங்கியிருந்ததும், பின்னர் மழை பெருகிக் காடு பரவியதும் அதனால் தெரியவந்தன. புல்வெளி என்பது காட்டை அழித்ததால் உண்டான பாழ்நிலம் என்று கருதி அதில் மரம் நட்டவர்களுக்கு இச்சேறு தந்த மறுமொழி அது. மனிதர் வருமுன்பே அங்கே புல் இருந்தது.

மகரந்தம் பற்றிப் பேசும்போது ஒருவரை நினைவுகூராமல் செல்ல இயலவில்லை. 1955இல் நிறுவப்பட்ட புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தில் மகரந்தவியல் ஆய்வுக்கூடத்தை வளர்த்தெடுத்தவர் கணபதி தணிகைமணி என்னும் தமிழர். தென்னக மலைகளின் பழந்தாவர வரலாற்றைப் பிரான்சுவா பிளாஸ்கோ என்பாருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 1970களில் வெளிவந்தது. 1986 செப்டம்பர் 5ஆம் நாள் கராச்சி வானூர்தி நிலையத்தில் கடத்தப்பட்ட பான் ஆம் வானூர்தியில் அவர் உயிரிழந்தார். நாற்பதுகளின் இறுதியில் இருந்தார். தமிழ்த்துறையில் இருபது ஆண்டுகள் பணியாற்றிய பின்னரே இப்பெயரை நான் முதன்முறை கேள்விப்பட்டேன் என்பதை வெட்கத்துடன் எழுதுகிறேன்.

பிளாஸ்கோவின் பெயரைச் சொன்னதால் மரத்துக்கு வந்துவிட்டோம். ஆனால் அதற்குமுன் ஒரு நீண்ட மௌனம் உண்டு. வைட்டுக்குப் பின் பழனிமலைத் தாவரங்களைத் தேடியவர் பலர். 1895இல் செண்பகனூரில் நிறுவப்பட்ட திருஇருதயக் கல்லூரியின் இயேசு சபைத் துறவியர் செடிகளை உலர்த்திச் சேர்த்தனர். ஆங்லாத் என்னும் பிரெஞ்சுத் துறவி அவற்றை வண்ணத்தில் தீட்டினார். ஆல்பிரெட் பூர்னும் அவர் மனைவியாரும் சேகரித்தனர். சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் பைசன், நீலகிரி, பழனி மலையுச்சித் தாவரங்களுக்கென்றே 1915 முதல் தொகுதிகள் வெளியிட்டார். இத்தனை பேர் நடந்த சோலைகளின் ஊடே, கொடைக்கானல் கடைத்தெருவிலிருந்து ஒரு மணி நேர நடையில் நின்ற மரத்துக்கு எந்த நூலிலும் பெயர் ஏறவில்லை. பிளாஸ்கோ 1960களில் இம்மலைகளின் காடுகளையும் புல்வெளிகளையும் ஆராய்ந்து 1971இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். அவருடைய தேடலில் வெளிப்பட்ட இம்மரத்தை ஜெனீவாவைச் சேர்ந்த வைபெல் என்னும் தாவரவியலார் 1970களின் தொடக்கத்தில் புதிய இனமென்று நிறுவி, 'எலியோகார்ப்பஸ் பிளாஸ்கோயி' எனப் பெயரிட்டார். வைட் மலையேறிய நாளிலிருந்து எண்ணினால் நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல்.

எலியோகார்ப்பஸ் என்றால் கிரேக்கத்தில் ஒலிவப்பழம் என்று பொருள். நமக்கு அக்குடும்பம் புதிதன்று. சைவர் கழுத்திலும் கையிலும் அணியும் உருத்திராக்கம் இப்பேரினத்து மரமொன்றின் கொட்டையே. இலங்கையில் ஊறுகாய் போடும் வெரளிக்காயும் இதன் உறவு. நீலகிரியில் இவ்வினத்து மரமொன்றைப் 'பிக்கி' என்பர். இவற்றின் பூக்களைக் கண்டோர் மறக்கமாட்டார்கள்: சிறு மணிகள்போல் கவிழ்ந்து தொங்கும், இதழின் நுனி நூல்நூலாகக் கிழிந்திருக்கும், கைத்தறிப் புடைவையின் முந்தானைக் குஞ்சம் போல. உதிருமுன் இலை சிவப்பதால், பச்சை முடியில் அங்கங்கே குங்குமப் பொட்டு வைத்ததுபோல் தோன்றும். கனியின் சதையைப் பறவைகளும் அணில்களும் உண்ண, உள்ளே எலும்புபோல் இறுகிய கொட்டை மண்ணில் விழுகிறது. அக்கொட்டை எளிதில் முளைப்பதில்லை. இப்பேரினத்து விதைகள் மாதக்கணக்கில் உறங்கிக் கிடப்பவை. ஈரமும் நிழலும் இலைமக்கும் குலையாமல் இருந்தால்தான் உறக்கம் கலையும்.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய மலர்கள் தொண்ணூற்றொன்பது என்று நாம் மாணவர்க்குச் சொல்கிறோம். ஒரே மூச்சில் ஒப்பிப்போருக்குப் பரிசும் தருகிறோம். அப்பட்டியலை இம்முறை நான் வேறு நோக்குடன் படித்தேன். நூல்நுனி இதழும் கவிழ்ந்த மணியும் கொண்ட இம்மலருக்கு உரிய பெயர் எதையும் அதில் இனங்காண என்னால் இயலவில்லை. அதனால் கபிலர் மீது குறையில்லை. ஒரு மலையில் ஒரு மூலையில் நிற்கும் மரத்தை அவர் காணாதிருந்திருக்கலாம். குறை எங்கே எனில், அவருக்குப் பின் அந்தப் பட்டியலை நீட்டுவதை நாம் விட்டுவிட்டதில்தான். தொண்ணூற்றொன்பதோடு மலை பூப்பதை நிறுத்திவிட்டதுபோல் நடந்துகொள்கிறோம். நம் வட்டத்தின் கவிதைத் தொகுப்புகளைப் புரட்டிப் பார்த்தேன். என் கவிதைகளும் அவற்றுள் உண்டு. ஆதலால் துணிந்து சொல்கிறேன். மலை வந்தால் குறிஞ்சிப்பூ வருகிறது, பனி வருகிறது, அருவி வருகிறது. ஒரு சோலை மரத்தின் தனிப்பெயர் வரவில்லை.

பெயரில்லாத பொருளை இழப்பது எளிது. மரம் அறியப்பட்ட காலத்திலேயே மலை மாறத் தொடங்கிவிட்டது. தோல் பதனிடும் தொழிலுக்குப் பட்டை வேண்டுமென்று ஆஸ்திரேலியச் சீகை மரமும், விறகுக்கும் கூழுக்குமென்று தைலமரமும் பைனும் புல்வெளிகளில் அணியணியாக நடப்பட்டன. விடுதலைக்குப் பின் இவ்வேலை பெருமளவில் நடந்தது. நட்டவர்கள் நாட்டுக்கு நன்மை செய்வதாகவே நம்பினர். சீகை தானாகவும் பரவியது. சதுப்புகள் வற்றின. 2018இல் வெளிவந்த செய்மதிப்பட ஆய்வு ஒன்று, நாற்பது ஆண்டுகளில் பழனிமலைப் புல்வெளியில் மூன்றில் இரு பங்கு மறைந்ததென்று கணக்கிட்டது. அந்த நாற்பது ஆண்டும் நாம் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆண்டுகள்.

வட்டக்கானல் சோலையை அடுத்தது பாம்பாற்றுச் சோலை. அங்குள்ள அருவியை இளைஞர்கள் 'லிரில் அருவி' என்றே அழைக்கின்றனர். சோப்பு விளம்பரம் ஒன்று அங்கே படமாக்கப்பட்டதால் வந்த பெயர். நூறாண்டுக்கு மேல் பலர் நடந்தும் மரத்துக்குக் கிட்டாத பெயர் அருவிக்கு ஒரு விளம்பரத்தால் கிட்டிவிட்டது. அச்சோலைக்கு மேலுள்ள முகட்டில் 1983 முதல் பாதரச வெப்பமானி செய்யும் தொழிற்சாலை ஒன்று இயங்கியது. முதலில் பாண்ட்ஸ் நிறுவனத்துக்கும் பின்னர் இந்துஸ்தான் லீவருக்கும் உரியதாக இருந்த ஆலை. பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடிக் குவியல் மூஞ்சிக்கல்லில் பழம்பொருள் கிடங்கொன்றில் கிடந்ததை 2001 மார்ச்சில் ஊர்மக்களும் சூழல் ஆர்வலரும் வெளிக்கொணர்ந்தனர். ஆலை மூடப்பட்டது. சோலைப்பக்கச் சரிவிலும் கழிவு கிடந்தது. முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கு உதவித்தொகை தருவதென்ற உடன்பாடு 2016இல்தான் ஏற்பட்டது. சோப்பும் அதே நிறுவனத்தினுடையது. ஆலையும் அதே நிறுவனத்தினுடையது. பாம்பாற்றின் நீர் கும்பக்கரை வழியாகப் பெரியகுளத்துப் பக்கம் இறங்குகிறது. இதற்குமேல் நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

மரம் என்னவாயிற்று? அறியப்பட்ட மரங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவையாக இருந்த காலம் ஒன்று உண்டு. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழியும் நிலையிலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தது. 1980களில் இங்கிலாந்திலிருந்து வந்து வட்டக்கானலில் குடியேறிய பாப் ஸ்டூவர்ட், தான்யா பால்கர் என்னும் இணையர் உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு சோலை மரங்களின் விதைகளைத் திரட்டி நாற்றங்கால் அமைத்தனர். 2001இல் வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளையை நிறுவினர். அவர்கள் முளைக்கவைத்த இனங்களுள் இம்மரமும் ஒன்று. உறங்கும் கொட்டையை எழுப்புவதற்கு எத்தனை பருவம் காத்திருக்க வேண்டும், எத்தனை விதை அழுகும் என்பதைத் தோட்டம் வைத்திருப்போர் ஊகிக்கலாம். அவர்கள் மற்றொன்றையும் கவனித்தனர். பைன், சீகைத் தோப்புகளின் நிழலிலேயே சோலைக் கன்றுகள் தாமாக முளைத்து வந்தன. அயல்மரங்களை ஒரேயடியாக வெட்டிச் சாய்த்தால் அக்கன்றுகளும் சாகும் என்று வாதிட்டனர். வனத்துறைக்கும் ஆர்வலருக்கும் இதில் கருத்து வேறுபாடு உண்டு. புல்வெளியை மீட்க வேண்டுமானால் வெட்டத்தானே வேண்டும் என்போரின் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. என் கருத்தைக் கேட்டால், சோலையின் ஓரத்தில் விட்டுவைக்கலாம், சதுப்பின் ஓரத்தில் வெட்டலாம் என்பேன். தமிழாசிரியையின் கருத்துக்கு எவ்வளவு மதிப்போ அவ்வளவு மதிப்புத் தந்தால் போதும்.

திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் இராப்பினாட் தாவரக்கூடத்தை நிறுவிய அருள்தந்தை கே.எம். மேத்யூ, 1999இல் பழனிமலைத் தாவரங்களுக்குத் தனித் தொகுதிகள் வெளியிட்டார். 2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. இவையெல்லாம் நிகழ்ந்து வருவதால் மரம் இன்று முன்பிருந்ததைவிடப் பாதுகாப்பாக இருக்கிறது எனலாம்.

கடந்த கோடை விடுமுறையில் மாணவியர் நால்வருடன் நான் அங்கே சென்றேன். வனத்துறையின் இசைவு பெற்று, விவரம் அறிந்த இளைஞர் ஒருவர் வழிகாட்ட, வட்டக்கானலில் அம்மரத்தைக் கண்டோம். பெரிதாக எதிர்பார்த்துச் சென்ற மாணவியருக்குச் சிறிது ஏமாற்றமே. மற்ற மரங்களைப்போல் ஒரு மரம். தண்டில் பாசி, கிளையில் ஆர்க்கிட், அடியில் சிவந்த இலைகள் நான்கைந்து. நான் நெடுநேரம் நின்றேன். அந்தப் புறத்தேர்வாளர் இப்போது இல்லை. இருந்திருந்தால் ஒரு மடல் எழுதியிருப்பேன்.

அங்கிருந்து வெள்ளகவிக்கு இறங்கினோம். ஊர் எல்லையில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தபோது, கோயில் திண்ணையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் எங்களை இருக்கச் சொல்லிக் கடுங்காப்பி தருவித்தார். காட்டில் எடுத்த படத்தை அவரிடம் காட்டினேன். கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார்.

"சோலை மரந்தான் தாயி. பாத்திருக்கேன்."

"உங்க ஊர்ல இதுக்குப் பேரு என்ன ஐயா?"

"எங்க அய்யா இருந்தா சொல்லியிருப்பாரு. அவரு காட்டுல ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு வச்சிருந்தாரு. நாங்க காப்பித் தோட்டத்தோட நின்னுட்டோம். இது வெறகுக்கும் போறதில்ல, வீட்டுக்கும் போறதில்ல." சற்று யோசித்துவிட்டு, "நீங்க படிச்சவுக. புஸ்தகத்துல என்ன பேரு போட்டிருக்கு?" என்று கேட்டார்.

சொன்னேன். எலியோகார்ப்பஸ் என்பதை விட்டுவிட்டுப் பின்பாதியை மட்டும் நாவில் உருட்டிப் பார்த்தார். "பிளாஸ்கோ... அது யாரு, வெள்ளக்காரனா?"

"பிரெஞ்சுக்காரர் ஐயா. அவர்தான் முதலில் கண்டு சொன்னார்."

"நாங்க தெனமும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தோம்" என்று சிரித்தார். பிறகு, "சரி, தமிழ்ல என்ன தாயி?" என்றார்.

மாணவியர் நால்வரும் என் முகத்தைப் பார்த்தனர். காப்பி ஆறிக்கொண்டிருந்தது. பொழுது சாயுமுன் கும்பக்கரைக்கு இறங்கிவிட வேண்டும் என்று வழிகாட்டி இளைஞர் நினைவூட்டினார். பெரியவரிடம் விடைபெற்று, ஊரின் கீழ் எல்லையில் செருப்பை அணிந்துகொண்டோம்.